மூன்றாந்தர ஓடு

எங்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர்களில் ஒருவர்கூடப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதில் உட்காரப்போகிற பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று தேவாலயத்துக்குப் போடுகிற உழைப்பை அதில் போட்டார்கள். முகப்புக் கல்லில் 1907 என்று வெட்டியிருக்கும். வரைபடம் டவுன் ஆர்க்கிடெக்ட் போட்டது. கல்லும் கையும் கர்வமும் எங்களுடையவை.

நான் நெஸ்தா. அந்தப் பள்ளியில் பதினாறு வருஷம் மத்தியானச் சாப்பாடு ஆக்கிப் போட்டவள். எங்கள் மலைக் குவாரி ஊரான பிரின்லெக்குக்கு யார் விருந்தாளியாக வந்தாலும், தேநீர் குடித்த கையோடு பள்ளிக்கூடத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போவேன். சிலர் மலையைப் பார்க்கத்தான் வந்தோம் என்பார்கள். மலை எங்கே போய்விடப்போகிறது?

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், பெண் பிள்ளைகளுக்கு ஒரு வாசல். இரண்டுக்கும் நடுவில் பெரிய கூடம். கூடத்தை மூன்று வகுப்பாகத் தடுக்கிற மடக்குக் கதவுகள் பைன் மரம். ஒரு கையால் தள்ளினால் நகரும். சுவரின் கீழ்ப்பாதி முழுக்க இழைத்த சிலேட்டுக்கல் பதித்திருக்கும், எத்தனை பிள்ளைகள் முதுகைத் தேய்த்தாலும் அழுக்குத் தெரியாது. ஜன்னல்களை ஆளுயரத்துக்கு மேலே வைத்திருந்தார் ஆர்க்கிடெக்ட். பிள்ளைகள் வெளியே பராக்குப் பார்த்துவிடுவார்களாம். எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு வழி பண்ணினார்கள். இரண்டடிக் கனமான சுவரை ஜன்னலுக்குக் கீழே உள்பக்கமாகச் சரித்துச் செதுக்கிவிட்டார்கள். பராக்குப் பார்க்க முடியாது, ஆனால் வெளிச்சம் சரிவில் இறங்கிக் கடைசி வரிசை மேஜைவரை வந்துவிடும். மழை நாளில்கூட மூன்று மணிவரை விளக்குப் போட வேண்டாம். எங்கள் ஊரில் மழை இல்லாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் கூரைதான் கூரை. சிலேட்டு ஓடுகளுக்கு எங்கள் குவாரிகளில் சீமாட்டிகளின் பேர். கூரையின் கீழ் விளிம்பில் பெரியது, கோமகள். நடுவில் அதைவிடச் சிறியது, பிரபுவின் மனைவி. உச்சியில் சின்னச் சீமாட்டி. உண்மையான கோமகளை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஓட்டைப் பிளந்து, ஓரம் வெட்டி, வரிசையாக அடுக்கிவைத்தே பழக்கம். பள்ளிக் கூரையில் ஊதா ஓடுகளுக்கு நடுவே இரண்டு பட்டை பச்சை ஓடு ஓடும். மழை நனைத்துவிட்டு வெயில் அடித்தால் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

அந்தக் கூரையைப் போட்டவர் கிரிஃபித் ஹம்ஃப்ரீஸ். தேவாலயத்தில் முப்பது வருஷம் மூப்பராக இருந்தவர். அவர் மகன் எம்லின், குவாரியில் ஓடு பிளக்கிறவராக இருந்து, கல்தூசு நுரையீரலைத் தின்றுவிட, ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். எம்லினின் மனைவி மென்னா பள்ளியின் காவல்காரி. கூட்டுவது, கழுவுவது, இரண்டு அடுப்புக்கும் கரி போடுவது, மணி அடிப்பது எல்லாம் அவள்தான். பள்ளிச் சுவரோடு முதுகொட்டி நிற்கிற வீட்டில் குடியிருந்தார்கள். வேலை இருக்கிறவரை வீடு. பள்ளி இருக்கிறவரை வேலை.

1962 நவம்பரில் கவுன்சிலிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். பேர் பெவன். சின்ன வயது, நல்ல மேல்கோட்டு, அதைவிட நல்ல மரியாதை. வடக்குச் சுவரில் ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல் இருந்தது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து இருக்கிறது. அதை அவர் அரைநாள் பார்த்தார். பிறகு கூடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு உத்தரங்களைப் பார்த்தார். தலைமையாசிரியை மிஸ் ப்ராதெரோ, மென்னா, நான் மூன்று பேரும் சுற்றி நின்றோம். மனுஷனுக்கு மயக்கமோ என்றுதான் நான் தண்ணீர் கொண்டுவந்தேன்.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"நல்ல கட்டடம். பொய் சொல்லலை, இந்த மாவட்டத்துல இப்படி ஒரு கூடம் நான் பாத்ததில்லை. ஆனா கூரை பாரம் ரொம்ப ஜாஸ்தி. உத்தரம் தாங்குற கணக்கு ஒண்ணு, மேல இருக்குற ஓட்டோட கணக்கு ஒண்ணு. அந்தப் பாரம் சுவரை வெளிப்பக்கம் தள்ளுது."

"அம்பத்தஞ்சு வருஷமாத் தள்ளிக்கிட்டே இருக்கா?" என்றேன் நான்.

"ஐம்பத்தாறாவது வருஷம் விழுந்தா யாரைக் கேக்கிறது, மிசஸ்?"

அவர் விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் விரல் நீளக் கண்ணாடித் துண்டு வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டினார். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடுமாம். உடைந்தால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பிவிடுவார்கள். உடையாவிட்டாலும் ஈஸ்டருக்குள் கணக்கை மறுபடி பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மென்னா அன்று சாயங்காலமே மூன்று கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்தாள். அப்புறம் தினமும் துடைத்தாள். காலையில் கரிவாளியை வைப்பதற்கு முன்னால் அங்கே போய் அண்ணாந்து ஒரு பார்வை. எதுவும் பேசமாட்டாள். மென்னா சும்மாவே பேச்சுக் குறைந்தவள், அவளுக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

எம்லின் வேறு மாதிரி. அவருக்கு மூச்சு இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நின்றுவிடும். அப்படியும் அந்த இன்ஜினியரைப் பற்றி ஒரு வாரம் பேசினார்.

"பாரமாம். என் அப்பா போட்ட கூரை... பாரமாம். படுத்துக்கிட்டுப் பாத்தானாமே. கூரையப் படுத்துக்கிட்டுப் பாக்குறவன்... கல்யாணத்தத் தூங்கிக்கிட்டுப் பாப்பான்."

"சிரிக்காதே எம்லின், இருமல் வரும்," என்பாள் மென்னா.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பனி பிடித்தது. அந்தப் பனியை மறந்தவர் யாரும் எங்கள் தேசத்தில் இருக்கமாட்டார்கள். ஜனவரி முழுக்க விடவில்லை. சாலை மூடிப்போய் மலைப்பக்கத்து ஆடுகள் சுவரோடு சுவராக உறைந்து நின்றன. குவாரியில் பனியால் வேலை நின்றுவிட, ஆண்கள் பள்ளி முற்றத்தில் பாதை வெட்டினார்கள். முற்றத்துக் கழிப்பறைகள் உறைந்துபோனதால் பிள்ளைகளை மென்னா தன் வீட்டுக்குள் வரிசையில் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிப் பால் புட்டிகளில் பால் கட்டியாகி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் தினமும் லோப்ஸ்கவுஸ் வைத்தேன். ஆட்டெலும்பு, உருளை, டர்னிப், காரட், கொஞ்சம் பார்லி, அரைநாள் கொதி. சாலை இல்லாத ஊரில் அதைத் தவிர வைக்க ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளையும் முகம் சுளிக்கவில்லை. சரிவு ஜன்னல்களில் பனி வெளிச்சம் இறங்கிக் கூடம் முழுக்க வெள்ளையாக இருக்கும். ஆட்டுக்கொழுப்பு உருகுகிற வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து அடிக்கும். மலைமேல் ஏழு வீட்டுப் பிள்ளைகள் இடுப்பளவு பனியில் நடந்து வந்தார்கள். டவுன் பள்ளிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது எங்கள் மணி ஒன்பதுக்கு அடித்தது. அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.

கூரையில் இரண்டடிப் பனி ஏறிக் கல்லாக இறுகியிருந்தது. ஆண்கள் ஏறித் தள்ளிவிடலாம் என்று ஏணியோடு வந்தார்கள். எம்லின் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து, "ஒருத்தன் பூட்ஸு என் அப்பா ஓட்டுமேல... பட்டுச்சுன்னா, அவன் காலை வெட்டுவேன்," என்றார். மூச்சே விட முடியாத மனுஷன் வெட்டுவேன் என்கிறாரே என்று யாரும் சிரிக்கவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கண்ணாடி மூன்றும் முழுசாகத்தான் இருந்தன.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை தபால்காரர், வண்டி வரக்கூடிய கடைசி இடமான பாலத்திலிருந்து நடந்தே வந்து ஒரு கடிதம் கொடுத்தார். மிஸ் ப்ராதெரோ அதை என் அடுப்படியில் நின்றுகொண்டு படித்தார். கூரையின் பாரத்தோடு பனியின் பாரமும் சேர்ந்து, கணக்கு எல்லையைத் தாண்டிவிட்டது. திங்கட்கிழமை பெவன் வந்து கட்டடத்தை மூடுவார். வழி திறந்ததும் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கு.

"மூடுறதுன்னா, பனி போறவரைக்குமா?" என்று மென்னா கேட்டாள்.

மிஸ் ப்ராதெரோ கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். "இவங்க ஒருதரம் மூடினா திறக்கமாட்டாங்க, மென்னா."

மென்னா கரிவாளியை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் கரி போட்டாள். அடுப்பு ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து, ஒரு பாத்திரத்தில் அரிசிப் புட்டிங் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தேன். கதவைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது, நான் வந்த நேரம் சரியில்லை. இரண்டு பேரும் மேஜையின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டுக்கறி அப்படியே ஆறிக் கிடந்தது.

"உள்ள வா நெஸ்தா," என்றாள் மென்னா. "நீயும் கேளு. இவரு சொல்லமாட்டாராம்."

"என்னத்த?"

"அவளை எதுக்கு இதுல இழுக்குறே," என்றார் எம்லின்.

"ஊருக்கே தெரிஞ்சது. இவளுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐம்பத்தைந்து வருஷத்தில் அதை ஒருவர் வாயால் இன்னொருவர் கேட்டதில்லை. இப்போது நான் சொல்லிவிடுகிறேன்.

டவுன் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? கூரைக்கு மூன்றாந்தர ஓடு. குவாரியில் ஓட்டின் தரம் கனத்தை வைத்துத்தான். நன்றாகப் பிளக்கிற கல்லை மெல்லிசாகப் பிளந்தால் முதல்தரம். மெல்லிசாகப் பிளக்க வராததைக் கனமாக விட்டால் மூன்றாந்தரம். அவர் எழுதியதில் தப்பில்லை. எங்கள் மலைக்காற்றுக்குக் கனமான ஓடுதான் நிற்கும். ஆனால் குவாரிக்காரர் குடும்பங்கள் ஆளுக்கு இருநூறு ஓடு தானமாகத் தருவது என்று முடிவாகி, தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது ஊரே கொதித்துப்போனது. எங்க பிள்ளைங்க தலைக்கு மேல மூன்றாந்தரமா? ஒரு குடும்பமும் கேட்கவில்லை. முதல்தரம் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டான் முதல்தரம் அனுப்பினான் என்று அடுத்தவன் அதைவிட மெல்லிசு அனுப்பினான். அவனைப் பார்த்து இன்னொருவன். ஒரு அங்குலக் கல்லில் நான்கு ஓடு எடுக்கவேண்டிய இடத்தில் எட்டு எடுத்தார்கள். வண்டி வண்டியாக வந்து இறங்கிய ஓட்டைப் பார்த்து கிரிஃபித் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். திருப்பி அனுப்பினால் ஊரில் இருக்க முடியாது. அதனால் போட்டார். போட்டுவிட்டு, வரைபடத்தில் உள்ளபடி மூன்றாந்தர ஓடு போடப்பட்டது என்று ஆர்க்கிடெக்ட்டின் தாளில் கையெழுத்தும் போட்டார். மூப்பர் கிரிஃபித், வாழ்நாளில் பொய் சொல்லாதவர் என்று கல்லறையில் வெட்டியிருக்கிறோமே, அவர்தான்.

பெவனின் கணக்கு அந்தத் தாளை வைத்துப் போட்ட கணக்கு.

"பாரமே இல்லை அந்தக் கூரையில," என்றாள் மென்னா. "காகிதம் மாதிரி இருக்கு ஒவ்வொண்ணும். என் கைக்குத் தெரியாதா? போய் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லி? கிரிஃபித் ஹம்ஃப்ரீஸ்... பொய்க் கையெழுத்துப் போட்டான்னு... கவுன்சில் புஸ்தகத்துல எழுதவா? அவரு செத்து இருபது வருஷம். பதில் சொல்ல... அவரா வருவாரு?"

"பள்ளிக்கூடம் போயிடும் எம்லின். வீடும் போயிடும்."

"வீடு போனா வேற வீடு. பேரு போனா?"

மென்னா ஆறிய கறித்தட்டைத் தள்ளிவைத்தாள். பிறகு பேசியதுதான் எனக்கு மறக்காதது.

"உங்கப்பா பேருக்காகத்தானே பத்து வருஷமா நான் மேல ஏறுறேன்? உனக்கு மூச்சு போனதிலேர்ந்து. வருஷத்துக்கு முப்பது ஓடு உடையுது. ஒவ்வொரு ஓட்டையும் விடியறதுக்கு முன்னால ஏறி, விரலு மரத்துப்போக மாத்துறேன். எதுக்கு விடியறதுக்கு முன்னால? பொம்பளை கூரைமேல நின்னா ஊரு சிரிக்கும்னு நீ சொன்னே. கூரை ஒழுகினா அப்பாவைப் பாத்துச் சிரிக்கும்னு நீ சொன்னே. சரின்னு ஏறினேன். ஒருநாளும் நான் கேக்கலையே, எம்லின், என் பேரு எங்கேன்னு?"

எம்லின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் வாயத் திறக்கமாட்டேன்," என்று முடித்தாள் அவள். "உன் அப்பா. நீதான் சொல்லணும், இல்லேன்னா விடணும்."

அவள் கூரை ஏறுவதும் ஊருக்குத் தெரியும். விடிகாலையில் குவாரிக்குப் போகிற ஆண்கள் ஏணியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். அதுவும் பேசப்படாத விஷயங்களில் ஒன்று. எங்கள் ஊரில் பேசாத விஷயங்களை அடுக்கினால் இன்னொரு பள்ளிக்கூடம் கட்டலாம். புட்டிங்கை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெவன் பாலத்தில் காரை விட்டுவிட்டு இரண்டு மைல் நடந்து வந்தார். முழங்கால்வரை பனி. நல்ல மேல்கோட்டு இப்போது நல்லதாக இல்லை. முதலில் கண்ணாடிகளைப் பார்த்தார். மூன்றையும் விரலால் தடவினார்.

"உடையலை," என்றேன் நான்.

"உடையலை," என்று ஒத்துக்கொண்டார். "எனக்கே ஆச்சரியமா இருக்கு. ஆனா இன்னைக்கு உடையலைங்கிறதுக்காக நாளைக்கு அறுபது பிள்ளைங்களை உள்ள உக்கார வைக்க முடியுமா, சொல்லுங்க. கணக்கு என்ன சொல்லுதோ அதைத்தான் நான் செய்யணும்."

பையிலிருந்து தாள்களை எடுத்து என் அடுப்படி மேஜையில் பரப்பினார். அடியில் ஒரு பழுப்புத் தாள். அதன் கீழே கிரிஃபித்தின் கையெழுத்து, பைபிளில் பேர் எழுதுகிற அதே எழுத்து. மிஸ் ப்ராதெரோ அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மென்னா கதவருகே கைகளை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டாள். என் நாக்குத்தான் துடித்தது. அதை அடக்க லோப்ஸ்கவுஸைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

பெவன் பேனாவை எடுத்தார்.

"அந்தத் தாள் பொய்," என்றது ஒரு குரல்.

அடுப்படியை ஒட்டிய பெண் பிள்ளைகள் வாசலில் எம்லின் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோட்டு, கழுத்தில் டை. வீட்டுக் கதவிலிருந்து அந்த வாசல் இருபது அடி. அந்த இருபது அடிக்கே நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மென்னா போய்ப் பிடிக்கப் போனாள். கையை உயர்த்தித் தடுத்தார்.

"என் அப்பா போட்ட கையெழுத்து அது. மூன்றாந்தரம்னு... எழுதியிருக்கும். மேல இருக்குறது முதல்தரம். முதல்தரத்துலயும்... அதுக்கு மேல. ஊரு அனுப்புச்சு. அவரு போட்டாரு. போட்டதை... மறைச்சாரு. எனக்குத் தெரியும். நானும் மறைச்சேன்."

பெவன் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொல்றது நிஜமா இருந்தா கணக்கே மாறும், மிஸ்டர் ஹம்ஃப்ரீஸ். ஆனா சொல்லை வச்சு நான் எழுத முடியாது. ஓடு வேணும். ஒரு இடத்துலேர்ந்து பத்தாது. கீழ, நடுவுல, உச்சியில."

"கிடைக்கும்."

"இந்தப் பனியில யாரு ஏறுவா?"

எம்லின் மென்னாவைப் பார்த்தார். கேட்கிற பார்வை. அவள் ஏப்ரனை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு ஏணி எடுக்கப் போனாள்.

பத்தரை மணிக்கு, வெட்டவெளிச்சத்தில், மென்னா எங்கள் பள்ளிக் கூரையில் ஏறினாள். ஸ்கர்ட்டுக்குள்ளே எம்லினின் பழைய குவாரிக் கால்சட்டை, பூட்ஸின் மேலே கம்பளிக் காலுறை. கூரை ஏணியை உச்சிவரை தள்ளி அதன் கொக்கியை அந்தப் பக்கம் மாட்டினாள். மிஸ் ப்ராதெரோ மூன்று வகுப்பையும் முற்றத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்; இதைவிட நல்ல பாடம் இன்று என்னிடம் இல்லை என்றார். அறுபது பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

அவள் கைமண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்குப் பனியை வெட்டி எடுத்தாள். ஆணி அறுக்கிற நீளத் தகட்டை ஓட்டுக்கு அடியில் நுழைத்து, அதன் நுனிக் கொக்கியை ஆணியில் மாட்டி, ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. ஓடு நழுவி அவள் கைக்கு வந்தது. அப்போது அவள் ஒரு கால் பனியில் சறுக்கியது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"இடது கால... கீழ் படியில வை," என்றார் எம்லின்.

"எனக்குத் தெரியும். நீ பேசாதே, மூச்சை மிச்சம் பிடி," என்று மேலேயிருந்து பதில் வந்தது.

மூன்று ஓடும் வந்தன. என் அடுப்படித் தராசிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வைத்துவிட்டுத் தட்டைத் துடைத்து வைத்தேன். பெவன் கோமகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை. விரலால் சுண்டினார். கிண்ணென்றது. மறுபடி சுண்டினார், அது கணக்குக்கு வேண்டியதில்லை, ஆசைக்குச் சுண்டினார் என்று எனக்குத் தெரிந்தது.

"என் அட்டவணையில இது ஆறரை ராத்தல்," என்று சொல்லித் தராசில் வைத்தார்.

மூன்றேகால்.

நடு ஓடும் அப்படியே. சீமாட்டியும் அப்படியே. அவர் மாவுப்பையின் மேலேயே பென்சிலால் கணக்குப் போட்டார். ஒருதரம் போட்டு, அடித்துவிட்டு மறுபடி போட்டார். நாங்கள் நான்கு பேரும் மாவுப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லோப்ஸ்கவுஸ் அடிபிடித்துவிட்டது. பதினாறு வருஷத்தில் அன்று ஒருநாள்தான்.

"இரண்டடிப் பனியையும் சேத்துட்டேன்," என்றார் பெவன் கடைசியில். "உத்தரம் தாங்கும். தாராளமாத் தாங்கும். விரிசல் கட்டின புதுசுல வந்ததாத்தான் இருக்கணும், அதான் கண்ணாடி அசையலை. வரைபடத்துல இருக்குற மாதிரி மூன்றாந்தரம் போட்டிருந்தா, இந்தப் பனியில இந்தக் கூடம் நின்னிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன். மூடமாட்டார்கள். எங்கள் ஆட்களின் தலைக்கனம் ஐம்பத்தைந்து வருஷம் கழித்து எங்கள் பிள்ளைகள் தலையைக் காப்பாற்றியிருக்கிறது. சரியான காரணத்துக்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. செய்தார்கள், அவ்வளவுதான்.

பெவன் பழுப்புத் தாளை எடுத்தார். "இதைத் திருத்தணும், மிஸ்டர் ஹம்ஃப்ரீஸ். வேற வழியில்லை. உங்கப்பா கையெழுத்துக்குக் கீழ, ஓடு முதல்தரம்னு எழுதி, தெரிஞ்சவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

எம்லின் உட்கார்ந்து, தகப்பனின் கையெழுத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அதன் கீழே எழுதினார். மூன்று வரி எழுத அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ரிப்போர்ட்டுல இன்னொண்ணு," என்றார் பெவன். "கூரையைப் பராமரிக்கிற கைத்தொழிலாளி பேரு. உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?"

"நான் பத்து வருஷமா... ஏணியில கால் வைக்கலை," என்றார் எம்லின். "மென்னா ஹம்ஃப்ரீஸ்னு எழுதுங்க."

"காவல்காரின்னு போடவா?"

"அது வேற வேலை. கூரைக்காரின்னு போடுங்க."

மென்னா என்னிடமிருந்து ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றது. முகம் சிவந்துபோய், "மேல மூணு ஓட்டை இருக்கு," என்றாள். "பனி உருகினா ரெண்டாம் வகுப்புல ஒழுகும். வேற ஓடு வச்சுட்டு வந்துடறேன்." ஏப்ரனை மறுபடி அவிழ்த்தாள்.

அவள் பின்னாலேயே எம்லினும் வெளியே போனார். நான் கத்தினேன், இந்தக் குளிரில் உமக்கு என்ன வேலை என்று. காதில் வாங்கவில்லை. ஏணியின் அடியில் போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த ஏணி நகரப்போவதில்லை. அப்போது தபால்காரர் ஹிவெல் வாசல் கேட்டருகே வந்தவர், தலையைக் குனிந்துகொண்டு, எதையும் பார்க்காதவர்போல நடையை வேகமாக்கினார்.

"ஏய், ஹிவெல்," என்று கூப்பிட்டார் எம்லின். கூப்பிட்டுவிட்டு, முழுசாக மூச்சு சேரும்வரை காத்திருந்தார். சேர்ந்ததும், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி, நடுவில் ஓரிடத்தில்கூட நிறுத்தாமல் சொன்னார்.

"எங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறே? மேல பாரு. என் பொண்டாட்டி கூரை போடுறா."